உருக்கும் ஜலவாயுவும்

ஐரோப்பிய யூனியனின் துறைமுகங்களில் ஒரு புது வரி 2026-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. உருக்கு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலிய சரக்குகளை அங்கே கொண்டுபோய் இறக்குகிறவர்கள், அவற்றை உற்பத்தி செய்தபோது எத்தனை டன் கரியமில வாயு ஆகாயத்தில் கலந்தது என்று கணக்குக் காட்டவேண்டும். அந்தக் கணக்குக்குத் தக்கபடி சீட்டு வாங்கவேண்டும். ஆரம்பத்தில் இந்தப் பாரம் சிறிதாயிருக்கும். வருஷா வருஷம் ஏறி 2034-ல் முழுப் பாரமும் விழும்படி சட்டம் செய்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி நம் தேசத்தில் இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. ஒரு சாரார் இதைப் பழைய ஏகாதிபத்தியத்தின் புது வேஷம் என்று சினந்து பேசுகிறார்கள். மற்றொரு சாரார், ஜலவாயு என்னும் மந்திரக்கோலை ஆலையில் ஒரு தரம் சுழற்றினால் புகையும் போகும், வரியும் போகும் என்று சொல்லித் திரிகிறார்கள். முன்னவர்களுடைய கோபத்தில் நியாயம் உண்டு. பின்னவர்களுடைய நம்பிக்கைக்கும் ஆதாரம் உண்டு. ஆயினும் கோபத்தைக் கொண்டோ நம்பிக்கையைக் கொண்டோ ஓர் ஆலையை நடத்த முடியாது. கணக்கைப் பார்த்தே நடத்த முடியும். அந்தக் கணக்கை வாசகர்கள் முன்னிலையில் வைப்பதே நமது உத்தேசம்.

முதலாவது, உருக்காலையில் நடப்பது என்ன? பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் இரும்புக் கல்லில் இரும்பும் பிராணவாயுவும் இறுகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுத்துப் பிராணவாயுவை வெளியேற்றுவதே இரும்பு உருக்கும் தொழிலின் சாரம். இந்த வேலையை ஆதிகாலம் முதல் கரி செய்துவந்திருக்கிறது. நம் முன்னோர்கள் மரக்கரியை உபயோகித்தார்கள். இக்காலத்து ஊதுலைகளில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் உபயோகமாகிறது. கரியானது கல்லிலுள்ள பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. ஆகவே, இந்த ஆலைகளில் புகை என்பது அஜாக்கிரதையினால் உண்டாகும் குற்றமன்று. அந்த முறையின் உடன்பிறப்பு. ஒரு டன் உருக்குக்கு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு இவ்விதம் பிறக்கிறது. உலகம் முழுவதிலும் மனிதர்கள் ஆகாயத்தில் விடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு முதல் ஒன்பது பங்கு வரையில் இந்த ஒரு தொழிலுக்கே உரியதென்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, மாற்று வழி யாது? விஞ்ஞானிகள் ஹைட்ரஜன் என்று சொல்லும் ஜலவாயுவும் பிராணவாயுவின்மீது ஆசை மிகுந்தது. சூடேற்றிய ஜலவாயுவை உயரமான ஓர் உலைக்குள் செலுத்தினால், அது கல்லிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொண்டு நீராவியாக வெளியேறுகிறது. அந்த நீராவியைக் குளிரவைத்தால் தண்ணீராகிவிடும். அதை மறுபடியும் ஜலவாயு செய்ய உபயோகிக்கலாம். உலையில் மிஞ்சுவது உருகாத கெட்டி இரும்பு. நுண்ணிய துளைகள் நிறைந்திருப்பதால் இதற்கு ஸ்பாஞ்சு இரும்பு என்று பெயர். இதை மின்வில் உலையில் உருக்கினால் உருக்குக் கிடைக்கும். ஜலவாயுவைத் தண்ணீரிலிருந்து மின்சாரத்தினால் பிரித்தெடுத்து, அந்த மின்சாரமும் காற்றிலிருந்தோ, வெயிலிலிருந்தோ, அருவியிலிருந்தோ கிடைத்தால், ஆதியோடந்தம் கரியின் உதவி அநேகமாகத் தேவையில்லை.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். சுவீடன் தேசத்தில் எஸ்.எஸ்.ஏ.பி. என்ற உருக்குக் கம்பெனியும், எல்.கே.ஏ.பி. என்ற சுரங்கக் கம்பெனியும், வாட்டன்பால் என்ற மின்சாரக் கம்பெனியும் 2016-ல் கைகோத்து ஹைபிரிட் என்ற முயற்சியைத் தொடங்கின. இவற்றுள் பின்னிரண்டும் சுவீடன் சர்க்காருக்குச் சொந்தமானவை என்பதைக் கவனிக்கவேண்டும். லூலியோ நகரில் 2020-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி சோதனை உலையை அத்தேசத்துப் பிரதம மந்திரி திறந்துவைத்தார். 2021-ல் முழுவதும் ஜலவாயுவைக் கொண்டே இரும்பு எடுத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அந்த இரும்பிலிருந்து செய்த உருக்குத் தகடு வோல்வோ கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. ஜலவாயுவைச் சேமித்துவைப்பதற்காக 2022-ல் பாறையைக் குடைந்து ஒரு குகையும் அமைத்தார்கள். காற்று பலமாய் அடிக்கும் வேளையில் செய்த ஜலவாயுவைக் காற்றில்லாத வேளைக்கு வைத்துக்கொள்வதே அந்தக் குகையின் பிரயோஜனம். எஸ்.எஸ்.ஏ.பி. ஒரு கம்பெனியின் புகையே சுவீடன் தேசத்துப் புகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அவர்கள் ஏன் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆகவே, "முடியுமா?" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முடியும். இனி எழுவது, "கட்டுபடியாகுமா?" என்ற கேள்வி. இங்கேதான் ஐரோப்பாவின் சமீபத்திய அநுபவம் நமக்குப் பாடமாகிறது.

ஜெர்மனியில் பிரெமன், ஐசன்ஹூட்டன்ஸ்டாட் என்ற இரண்டு ஊர்களில் ஜலவாயு வழிக்குத் தக்க உலைகளைக் கட்ட ஆர்சிலர் மிட்டல் கம்பெனி திட்டமிட்டிருந்தது. இதற்காக 130 கோடி யூரோ பொதுப் பணம் தருவதற்குச் சர்க்கார் சித்தமாயிருந்தது. அப்படியிருந்தும் 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்தக் கம்பெனி, கட்டுபடியாகாது என்று சொல்லித் திட்டத்தைக் கைவிட்டது. டூயிஸ்பர்க் நகரத்துத் தைசன்குருப் கம்பெனிக்கு ஏறத்தாழ 200 கோடி யூரோ உதவி 2023-ல் மஞ்சூராயிற்று. உலை எழும்பிவருகையிலேயே, ஜலவாயு வாங்குவதற்காக விட்டிருந்த டெண்டரை 2025 மார்ச்சு மாதத்தில் அந்தக் கம்பெனி நிறுத்திவைத்தது. வந்த விலைகள் எதிர்பார்த்ததற்கு மிகவும் அதிகம் என்பது காரணம். சுவீடன் தேசத்திலேயே போடன் என்ற ஊரில் பெரிய ஆலையைக் கட்டிவரும் ஸ்டெக்ரா கம்பெனி, வேலை பாதிக்கு மேல் நடந்த பிறகு, 2025 அக்டோபரில் மேலும் முதல் தேடிக் கதவுகளைத் தட்ட நேர்ந்தது.

இவற்றைக் கண்டு, "வெள்ளைக்காரனாலேயே முடியவில்லை, நம்மால் முடியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் அங்கீகரிக்கவில்லை. தண்டவாளத்துக்குத் தகுந்த உருக்கை டாட்டா கம்பெனியார் செய்துவிட்டால் அதில் ஒவ்வொரு ராத்தலையும் தாமே தின்றுவிடுவதாக ரயில்வே அதிகாரி ஸர் பிரெடரிக் அப்காட் ஏளனம் செய்தார் என்பது பிரசித்தமான கதை. 1912-ம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி ஜாம்ஷெட்பூரில் உருக்கு வார்த்தார்கள். முதல் மகாயுத்தத்தில் அந்த ஆலையின் தண்டவாளங்கள் மெசபடோமியா வரையில் போயின. பிறருடைய இயலாமை நம் இயலாமைக்கு அத்தாட்சியாகாது. ஆனால் பிறர் இடறி விழுந்த இடத்தில் கல் எங்கே கிடக்கிறதென்று குனிந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

அந்தக் கல் மின்சாரம். ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 55 கிலோ ஜலவாயு வேண்டும். ஒரு கிலோ ஜலவாயுவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. மின்வில் உலைக்கும் மற்றச் செலவுக்கும் வேண்டியதைச் சேர்த்தால், ஒரு டன் உருக்குக்குச் சுமார் 3,500 யூனிட் ஆகும். இந்தியாவில் 2024-ல் உண்டான உருக்கு ஏறத்தாழ 15 கோடி டன். இதில் 10 கோடி டன்னை மாத்திரம் ஜலவாயு வழியில் செய்வதென்றாலும் 35,000 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். நம் தேசம் முழுவதிலும் ஒரு வருஷத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் ஒரு லட்சத்து எண்பதினாயிரம் கோடி யூனிட் அளவில் இருக்கிறது. அதாவது, வீடுகளுக்கும் வயல்களுக்கும் ஆலைகளுக்கும் ரயில்களுக்கும் சேர்த்து இன்று கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு காரியத்துக்காகப் புதிதாக உண்டாக்கியாகவேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரி 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. இந்த மின்சாரத்தைக் கொண்டு ஜலவாயு செய்து, அந்த ஜலவாயுவைக் கொண்டு உருக்குச் செய்தால், 3,500 யூனிட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு ஆகிறது. இன்று இந்திய உருக்கின் சராசரிக் கணக்கும் ஏறத்தாழ அந்த இரண்டரை டன்னே. ஆலையின் புகைபோக்கியை மூடிவிட்டு மின்சார நிலையத்தின் புகைபோக்கியைத் திறந்துவிடுவதால் தேசத்துக்கு என்ன லாபம்? பணம் மாத்திரம் நஷ்டமாகும். ஆகையால், சுத்தமான மின்சாரம் கைக்கு வருமுன் ஜலவாயு உருக்கைப் பற்றிப் பறை சாற்றுவது, கிணறு வெட்டுமுன் நாற்று நடுவதை ஒக்கும்.

இனி விலையைப் பார்ப்போம். பானிப்பட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக 2025-ல் முடிவான ஏலத்தில், புகையில்லா ஜலவாயுவுக்குக் கிலோ 397 ரூபாய் விலை வந்தது. இந்த விலைக்கு 55 கிலோ வாங்கினால் 22,000 ரூபாய் ஆகும். ஊதுலை வழியில் ஒரு டன் உருக்குக்கு முக்கால் டன்னுக்குச் சற்று அதிகமான கோக் நிலக்கரி செலவாகிறது. டன் 200 டாலர் என்று வைத்துக்கொண்டால் அதன் கிரயம் 14,000 ரூபாய்க்குள் அடங்கும். ஆக, எட்டாயிரம் ரூபாய்க்குக் குறையாத வித்தியாசம். மோட்டார் வண்டி வாங்குகிறவருக்கு இது பெரிதன்று. ஒரு வண்டியில் ஒரு டன் உருக்கு இருக்குமானால், பல லட்ச ரூபாய் வண்டிக்கு எட்டாயிரம் கூடும். ஆனால் கடன் வாங்கிச் சிறு வீடு கட்டும் குடும்பஸ்தனுக்கு மூன்று டன் கம்பி வேண்டியிருந்தால் 24,000 ரூபாய் கூடுகிறது. இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. பாரத்தை யார் சுமப்பது என்ற பிரச்னைக்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் ஜனங்களுடைய ஆதரவைப் பெறாது.

இந்த 397 ரூபாயைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வோம். சூரிய மின்சாரம் நம் தேசத்து ஏலங்களில் யூனிட் இரண்டரை ரூபாய் அளவுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த விலைக்கே மின்சாரம் கிடைப்பதானால், ஒரு கிலோ ஜலவாயுவின் மின்சாரச் செலவு 130 ரூபாய்ச் சொச்சம். மீதியில் பெரும் பங்கு எதற்காக? வெயில் அஸ்தமித்த பின்பும் மின்சாரம் கிடைக்கச் செய்வதற்கும், தண்ணீரைப் பிரிக்கும் யந்திரங்களுக்கும், சேமிப்புக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்ட முதலுக்கு வட்டிக்கும். வெயிலும் காற்றும் நம்முடையவை. யந்திரமும் வட்டியும் பிறருடைய கையில் இருக்கின்றன. ஜலவாயுவின் விலையைக் குறைப்பது என்பது பெரும்பாலும் யந்திரத்தின் விலையையும் வட்டியின் விகிதத்தையும் குறைப்பதே. இவ்விரண்டும் சர்க்காரின் நடவடிக்கைக்கு உட்பட்ட விஷயங்கள். ஆண்டவனுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டிய விஷயங்கள் அல்ல.

"அப்படியானால் விலை குறையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வோர் உண்டு. சுவீடனும் ஜெர்மனியும் அப்படிச் சொல்லலாம்; நாம் சொல்ல முடியாது. ஏனெனில், அவர்களுடைய தேசங்களில் உருக்கு உற்பத்தி பெருகவில்லை. நம் தேசத்திலோ, ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 100 கிலோ உருக்கே செலவாகிறது. உலகச் சராசரி 200 கிலோவுக்கு மேல். பள்ளிக்கூடங்களும் பாலங்களும் தண்டவாளங்களும் வீடுகளும் இன்னும் கட்டப்படவேண்டிய தேசம் இது. 2017-ம் வருஷத்துத் தேசிய உருக்குக் கொள்கை, 2030-31-க்குள் ஆலைகளின் சக்தியை 30 கோடி டன்னாக்கவேண்டும் என்று லட்சியம் வைத்தது. அவ்வளவும் உரிய காலத்தில் கைகூடுமோ கூடாதோ, புது உலைகள் எழும்புவது நிச்சயம். ஓர் ஊதுலையை ஒரு தரம் கட்டிவிட்டால், உட்புறச் செங்கலைப் பதினைந்து இருபது வருஷங்களுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு நாற்பது வருஷங்களுக்கு மேல் எரிக்கலாம். எரித்தால்தான் போட்ட முதல் திரும்பும். 2070-க்குள் புகைக் கணக்கை நேர் செய்வதாக நம் பிரதம மந்திரி 2021-ல் கிளாஸ்கோவில் உலகத்தார் முன்பு வாக்களித்தார். இன்று அஸ்திவாரம் போடும் உலைகள் அந்த வருஷத்தின் வாசல் வரையில் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்று சொல்வது, நாற்பது வருஷத்துக்கு ஒரு முடிவைச் செய்துவிட்டு, முடிவு செய்யவில்லை என்று பாசாங்கு செய்வதாகும்.

மற்றோர் ஆட்சேபணை மிகவும் நியாயமானது. இருநூறு வருஷமாக நிலக்கரியை எரித்துச் செல்வம் சேர்த்தவர்கள் ஐரோப்பியரும் அமெரிக்கரும். அந்தச் செல்வத்தில் நம்மிடமிருந்து பறித்ததும் ஒரு பகுதி. இன்று நாம் தலையெடுக்கும்போது, புகைக்கு வரி என்று சொல்லி வாசலை அடைப்பது தர்மமா? தர்மமன்று என்று தயக்கமின்றிச் சொல்லுவோம். அந்த வரியினால் வரும் பணம் ஏழைத் தேசங்களின் ஆலைகளைத் திருத்துவதற்குத் திரும்பி வரும்படி ஏற்பாடு செய்திருந்தாலாவது அதற்கு ஒரு முகாந்தரம் இருக்கும். அத்தகைய ஏற்பாடு ஒன்றும் அந்தச் சட்டத்தில் இல்லை. நமது சர்க்கார் இதை எல்லாச் சபைகளிலும் எடுத்துச் சொல்லி வாதாடவேண்டும்.

ஆயினும் வழக்கில் நியாயம் நம் பக்கம் இருப்பதால் மாத்திரம் வயலில் பயிர் விளைந்துவிடாது. கரியமில வாயு டன்னுக்கு 70 யூரோ விலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை டன் புகையோடு பிறந்த உருக்கு, வரி முழுதும் விழும் காலத்தில் 175 யூரோ பாரத்தைத் தாங்கவேண்டும். மேலே சொன்ன எட்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தை அது விழுங்கிவிடும். நாம் செய்யும் உருக்கில் பெரும்பகுதி நம் தேசத்திலேயே செலவாகிறது என்பது உண்மைதான். அதற்காக வெளிச் சந்தையை இழப்பது சரியாகுமா? சீன தேசம் 2024-ல் நம்மைப்போல் ஆறு மடங்குக்கு மேல் உருக்குச் செய்தது. அங்கே பாவூ கம்பெனி 2023-ம் வருஷக் கடைசியில் ஜான்ஜியாங் நகரில், ஜலவாயு மிகுந்த வாயுக்களைக் கொண்டு ஓடும் பத்து லட்சம் டன் உலையை ஏற்றிவிட்டது. நாம் தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போது அவர்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

இவை யாவற்றுக்கும் மேலாக, சுதேசிய நோக்கில் பார்க்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் தேசத்தில் நிலக்கரி நிறைய உண்டு. ஆனால் ஊதுலைக்குத் தகுந்த கோக் நிலக்கரி குறைவு. தேவையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைக் கப்பலில் வரவழைக்கிறோம். அதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. குவீன்ஸ்லாந்தில் புயலடித்தால் ஜார்க்கண்டில் விலை ஏறுகிறது. முப்பது கோடி டன் லட்சியத்தை ஊதுலைகளினாலேயே நிறைவேற்றுவதென்றால், இந்தச் சங்கிலியை நாமே இரண்டு மடங்கு நீளமாக்கிக் காலில் பூட்டிக்கொள்வதாகும்.

எரிபொருள் சாதகமில்லாத உருக்குத் தொழிலின் கதி என்ன என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலைகளை நிறுவி, சேலத்து இரும்புக் கல்லைக் கொண்டு இரும்பு செய்தார். கல் உயர்ந்த ரகம். எரிக்கக் கிடைத்தது மரக்கரி. காடுகள் சுருங்கச் சுருங்கக் கரி தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று. இங்கிலாந்திலோ கோக் மலிவாய்க் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே பரங்கிப்பேட்டை உலைகள் அவிந்துபோயின. பண்டைக் காலத்தில் உருக்குக்குப் பெயர்பெற்றிருந்த நாட்டில், கல்லின் குறையினாலன்று, எரிபொருளின் குறையினால் தொழில் மடிந்தது. இக்காலத்தில் வெயிலும் காற்றும் எரிபொருளாகும் நிலைமை வந்திருக்கிறது. அவ்விரண்டிலும் நாம் தரித்திரர்கள் அல்ல.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2023-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி மந்திரி சபை தேசிய ஜலவாயுத் திட்டத்தை ஒப்புக்கொண்டு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் ஜலவாயு என்பது அதன் லட்சியம். இதில் உருக்குத் தொழிலின் சோதனைகளுக்கென்று ஒதுக்கியது 455 கோடி. அதாவது, நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. தேசத்துப் புகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விடும் தொழிலுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தனிக் கம்பெனிகளும் கை வைத்திருக்கின்றன. 2023 ஏப்ரலில் டாட்டா கம்பெனியார் ஜாம்ஷெட்பூர் ஊதுலை ஒன்றில் ஜலவாயுவை ஊதிப் பரீட்சை செய்தார்கள். 2025 நவம்பரில் விஜயநகரில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுவினர் வருஷத்துக்கு 3,800 டன் ஜலவாயு தரும் நிலையத்தை ஏற்றினார்கள். இது எழுபதினாயிரம் டன் இரும்புக்குப் போதும். பதினைந்து கோடி டன்னுக்கு முன்னால் எழுபதினாயிரம் சிறு துளி; ஆயினும் துளி விழுந்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் சர்க்காரைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. 2024-ம் வருஷம் டிசம்பரில் உருக்கு இலாகா, "பசுமை உருக்கு" என்றால் என்ன என்று இலக்கணம் வகுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகப் புகை விட்டால் பசுமைப் பட்டம், 1.6 டன்னுக்கும் குறைந்தால் ஐந்து நட்சத்திரம். உலக உருக்கின் சராசரியே சுமார் 1.9 டன். பழைய இரும்பை மிகுதியாக உருக்கும் தேசங்கள் அந்தச் சராசரியைக் குறைக்கின்றன என்பதை ஒப்புக்கொள்வோம். அப்படியும், உலகச் சராசரிக்கு மேலான புகைக்குப் பசுமை என்று பெயரிட்டால் வெளித்தேசத்து வியாபாரி நகைப்பானா, வாங்குவானா? வகுப்பில் எல்லோரும் தேறவேண்டுமென்பதற்காகத் தேர்ச்சி எண்ணைக் குறைக்கும் உபாத்தியாயர் மாணாக்கர்களுக்கு நன்மை செய்கிறவரல்லர். இலாகா இந்த எல்லையைக் குறிப்பிட்ட காலக் கிரமத்தில் இறக்கிக்கொண்டே வரவேண்டும். அந்தக் கிரமத்தை இப்போதே பகிரங்கமாக அறிவிக்கவேண்டும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்.

முதலாவது, இனிக் கட்டும் உலைகளில் இயன்ற வரையில் ஜலவாயுவுக்கு மாறத்தக்க உயர் உலைகளைக் கட்டவேண்டும். அவை இன்று இயற்கை வாயுவினால் ஓடலாம். அங்குலில் ஜிண்டால் கம்பெனியார் செய்ததுபோல நம் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவினாலும் ஓடலாம். சுத்தமான மின்சாரம் பெருகப் பெருக ஜலவாயுவின் பங்கைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஊதுலையில் இந்த வசதி இல்லை. கோக்கின் தாங்கல் இல்லாமல் அது நிற்காது. கதவு உள்ள வீட்டைக் கட்டினால் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். கதவே இல்லாத வீட்டைக் கட்டிவிட்டுப் பின்னால் சுவரை இடிப்பது பெருஞ்செலவு. ஸ்பாஞ்சு இரும்பு செய்வதில் உலகத்தில் முதல் தேசம் நமதே. வருஷத்துக்கு ஐந்து கோடி டன்னுக்கு மேல் செய்கிறோம். அதில் பெரும்பகுதி நிலக்கரியை எரிக்கும் சிறு ஆலைகளில் ஆவதுதான் குறை. கைப்பழக்கம் நம் தொழிலாளர்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

இரண்டாவது, காயலான் கடைச் சரக்கை அலட்சியம் செய்யலாகாது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்குவது, எந்த ஜலவாயுவும் தேவையில்லாத சுலபமான வழி. அதைச் சேகரித்துத் தரம் பிரிக்கும் தொழிலுக்குச் சட்டபூர்வமான அந்தஸ்தும் கடன் வசதியும் கிடைக்கவேண்டும்.

மூன்றாவது, நம் இரும்புக் கல்லைக் கழுவித் தரமுயர்த்தும் ஆலைகள் பெருகவேண்டும். உயர் உலைக்கு 67 சதவிகிதம் இரும்புள்ள உருண்டைகள் விரும்பத்தக்கவை. நம் கல்லில் பெரும்பாலும் அந்தத் தரம் இல்லை, அலுமினா அதிகம். சுவீடன் தேசத்துக் கல்லுக்கு ஏற்ற முறையை அப்படியே நம் கல்லின்மீது ஏற்ற முடியாது. இதற்கு நம் விஞ்ஞான சாலைகளே வழி காணவேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் யந்திரங்களும் இங்கேயே உற்பத்தியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் நிலக்கரிக்குப் பதிலாகச் சீனாவின் யந்திரத்துக்கு அடிமையாவது விடுதலையாகாது.

நான்காவது, அதிக விலையின் பாரத்தை ஏழையின் தலையில் ஏற்றலாகாது. ரயில்வேயும் நெடுஞ்சாலை இலாகாவும் ராணுவமும் வாங்கும் உருக்கில் இவ்வளவு பங்கு புகை குறைந்ததாயிருக்க வேண்டுமென்று சர்க்கார் விதித்து, பத்து வருஷத்துக்கு விலை உறுதி கொடுக்கவேண்டும். அந்த உறுதியைக் காட்டினால் பாங்குகள் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும். அடுத்த பங்கை விலையுயர்ந்த மோட்டார் வண்டிகள் சுமக்கட்டும். சிறு வீடு கட்டும் குடியானவன் கடைசியில் வரட்டும்.

ஐந்தாவது, தொழிலாளர்களை மறக்கலாகாது. பிரிட்டனில் போர்ட் டால்பட் ஆலை நம் டாட்டா கம்பெனியாருடையது. அங்கே கடைசி ஊதுலை 2024-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி அணைந்தது. 2,800 வரையில் வேலைகள் போகுமென்று கம்பெனியே அறிவித்திருந்தது. பதிலாக வரவேண்டிய மின்வில் உலைக்கு 2025 ஜூலையில்தான் கட்டட வேலை தொடங்கிற்று. பழைய உலையை அணைத்துவிட்டுப் புது உலைக்காக ஊரையே காக்கவைக்கும் முறை நமக்கு வேண்டாம். நம் ஆலை நகரங்களில் இப்படி நேருமானால் அதன் விபரீதத்தை ஊகிக்க அதிகக் கற்பனை தேவையில்லை. புது உலை எரிந்த பிறகே பழைய உலை அணையவேண்டும். பழைய உலையின் தொழிலாளிக்கே புது உலையில் முதல் உரிமை வேண்டும்.

தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கிய துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறு ஜலவாயு நிலையம் திறக்கப்பட்டது. அதன் வேலை இப்போதைக்குத் துறைமுகக் குடியிருப்பின் தெரு விளக்குகளுக்கும், மின்சார வண்டிகளுக்குச் சக்தி ஏற்றும் நிலையம் ஒன்றுக்கும் உதவுவது. தெரு விளக்கைப் பார்த்து உருக்காலையைக் கனவு காண்பது பைத்தியம் என்று நினைப்பவர்கள், 1906-ல் அதே கரையில் நின்று சுதேசிக் கப்பலைக் கனவு கண்டவரை நினைத்துப் பார்க்கட்டும். அவருடைய கம்பெனி நசித்ததற்குக் காரணம் கனவின் குற்றமன்று. எதிரியின் கட்டண யுத்தமும், அந்நிய சர்க்காரின் பகையும். இன்று சர்க்கார் நம்முடையது. ஆகவே இன்று தோற்றால் அந்நியனைக் குறை சொல்ல முடியாது.

வரும் சில வருஷங்களில் அஸ்திவாரக் கல் நாட்டும் ஒவ்வோர் உலையைப் பற்றியும் ஜனப் பிரதிநிதிகள் சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். இது இன்னும் நாற்பது வருஷம் எந்த எரிபொருளைத் தின்னும், அதை யாரிடமிருந்து வாங்கப்போகிறோம் என்பதே அந்தக் கேள்வி. அதற்குத் தெளிவான விடை கிடைக்கும் வரையில் மஞ்சூருக்குக் கை தூக்கக் கூடாது. தேசபக்தர்கள் தத்தம் ஊர்களில் இந்தக் கேள்வியைப் பரப்புவது, ஐரோப்பியரை ஆயிரம் முறை நிந்திப்பதைவிடத் தேசத்துக்கு அதிக நன்மை தரும்.